ஒரே டப்பா மருந்து எத்தனை தோட்டாவுக்கு ஆகும்?

கைத்துப்பாக்கியில் சுட்டு முடித்த தோட்டாவின் உறையைத் தானே மறுபடி நிரப்பிக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கிறவருக்கு நிரப்பும் பிரஸ், உறையை வடிவுக்குக் கொண்டுவரும் டை, தராசு வாங்குவதில் பெரிய குழப்பம் வராது. உள்ளே போடும் வெடிமருந்து வாங்கப் போகும்போதுதான் தலை சுற்றும். புல்ஸ்ஐ, யுனிக், வின்செஸ்டர் 231, எச்பி-38, டைட்குரூப், யுனிவர்சல், பவர் பிஸ்டல், என்320 என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். எல்லா டப்பாவிலும் கைத்துப்பாக்கிக்கு ஏற்றது என்றுதான் போட்டிருக்கும். தன்னிடம் இருப்பதோ 9 எம்எம், .38 ஸ்பெஷல், .45 ஏசிபி என்று மூன்று வகை. மூன்றுக்கும் ஒரே மருந்து போதாதா?

போதும். ஆனால் அந்த ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். எவ்வளவு போடலாம் என்று சொல்லும் அட்டவணை எந்த மருந்துக்கு அதிக வகைத் தோட்டாக்களில் இருக்கிறதோ அதுவே பொதுவான மருந்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். அட்டவணை அவசியம், மறுக்கவில்லை. என் கணக்கில் அதைவிட முன்னால் நிற்கவேண்டிய கேள்வி வேறு: நிரப்பும்போது கை தவறினால் அந்தத் தவறு கண்ணில் படுமா? கண்ணில் படுகிற மருந்துதான் நாலு தோட்டாவுக்கு நம்பிப் பயன்படுத்தத் தகுந்தது. இதை விளக்க, உறைக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

புகையற்ற மருந்து ஒரே நொடியில் சிதறி வெடிப்பதில்லை, எரிகிறது. உறையின் அடியில் பதித்திருக்கும் பற்றவைப்பானான பிரைமரின் தீப்பொறி பட்டதும் ஒவ்வொரு துணுக்கும் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிந்து வாயுவாக மாறுகிறது. உறைக்குள் அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும். அழுத்தம் ஏறினால் இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். இந்தச் சுழற்சிக்குக் கடிவாளம் போடுவது குண்டு. குண்டு முன்னே நகர்ந்து குழலுக்குள் போகப் போக வாயுவுக்கு இடம் கிடைக்கிறது, அழுத்தம் தணிகிறது. குண்டு கனமாக இருந்தால் மெதுவாக நகரும். இடம் தாமதமாகக் கிடைக்கும். அழுத்தம் அதிகம் ஏறும். உறை சிறியதாக இருந்தாலும், குண்டை ஆழமாக உட்கார வைத்தாலும் அதே கதைதான்.

கைத்துப்பாக்கியின் குழல் பெரும்பாலும் நான்கைந்து அங்குலம். அந்தச் சின்னத் தூரத்துக்குள் வேலை முடிந்தாகவேண்டும். ரைஃபிளுக்கான மெதுவான மருந்தை இங்கே போட்டால் பாதி எரியாமலே குழல் வாயில் கொட்டிவிடும். அதனால் கைத்துப்பாக்கி மருந்துகள் எல்லாமே வேகமானவைதான். ஆனால் அந்த வேகத்துக்குள்ளேயே பெரிய இடைவெளி இருக்கிறது. மிக வேகமானவை குண்டு கொஞ்சமே நகர்வதற்குள் உச்ச அழுத்தத்தை எட்டிவிடும். கொஞ்சம் போட்டாலே போதும். மெதுவானவை குண்டைக் கூடவே போய்த் தள்ளும், அதிகம் போடவேண்டும், அதே உச்ச அழுத்தத்துக்குள் கூடுதல் வேகமும் கிடைக்கும். துணுக்கின் உருவமும் கனமும் இதைப் பெருமளவு தீர்மானிக்கும். செத்தை பற்றிக்கொள்வதற்கும் விறகுக் கட்டை பற்றிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் அது. மெல்லிய செதில் சட்டென எரிந்து தீரும், தடித்த உருளை நேரம் எடுக்கும். மேலே பூசும் தணிப்புப் பூச்சும், உள்ளே நைட்ரோசெல்லுலோஸுடன் நைட்ரோகிளிசரின் சேர்ந்திருக்கிறதா, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதும் மீதியைத் தீர்மானிக்கும். நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் இருந்தால் ஒற்றை அடிப்படை மருந்து. இரண்டும் இருந்தால் இரட்டை அடிப்படை. கைத்துப்பாக்கிக்கு விற்பதில் பெரும்பாலானவை இரண்டாவது வகை.

இப்போது மூன்று தோட்டாக்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். .38 ஸ்பெஷல் உறையின் நீளம் 1.155 அங்குலம். 9 எம்எம் உறை வெறும் 0.754 அங்குலம். குண்டின் விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் .38 உறைக்குள் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் சுமார் 23 கிரெயின் (ஒரு பவுண்டில் 7,000-இல் ஒரு பங்கு ஒரு கிரெயின்) பிடிக்கும். 9 எம்எம்மில் சுமார் 13 தான். இவ்வளவு பெரிய வீட்டுக்குள் குடியிருக்கும் .38 ஸ்பெஷல் வலுவான தோட்டா என்றுதானே தோன்றும்? தலைகீழ். அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்களின் தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ .38 ஸ்பெஷலுக்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு. 9 எம்எம்முக்கு 35,000. .45 ஏசிபி இரண்டுக்கும் நடுவில், 21,000.

இந்த முரணுக்குக் காரணம் வரலாறு. பிரான்சில் போல் வியே 1884-இல் புகையற்ற மருந்தை உருவாக்கிக் காட்டினார். 1886-இல் லெபெல் ரைஃபிள் அதைப் படைக்குக் கொண்டுபோனது. அடுத்த சில ஆண்டுகளில் நோபலின் பாலிஸ்டைட்டும் பிரிட்டனின் கார்டைட்டும் வந்தன. ஆனால் கைத்துப்பாக்கி உலகம் அதற்கு முந்தைய, புகை கக்கும் கருமருந்தை உடனே விட்டுவிடவில்லை. .38 ஸ்பெஷல் 1890களின் கடைசியில் வந்தபோதும் அதன் உறை கருமருந்துக்கான அளவில்தான் செய்யப்பட்டது. கருமருந்துக்கு இடம் அதிகம் வேண்டும். உறையை நிரப்பித்தான் போடவேண்டும். 1870களின் .45 கோல்ட்டும் அப்படித்தான். அதன் உச்ச அழுத்தம் இன்றைக்கும் 14,000 பிஎஸ்ஐ. 1902-இல் வந்த 9 எம்எம் லூகர் ஆரம்பத்திலிருந்தே புகையற்ற மருந்துக்காகச் செய்யப்பட்டது. அதனால் சின்ன உறை, உயர்ந்த அழுத்தம். .45 ஏசிபியும் புகையற்ற மருந்துக்கே பிறந்தது, ஆனால் பெரிய, கனமான குண்டை நிதானமாகத் தள்ளும் தோட்டா அது.

ஆக, மூன்றுக்கும் ஒரே மருந்து என்று கேட்கிறவர் உண்மையில் அந்த மருந்திடம் இரண்டு எதிரெதிரான காரியங்களைக் கேட்கிறார். பாதி காலியாகக் கிடக்கும் பெரிய உறைக்குள், தாழ்ந்த அழுத்தத்தில், அது முழுசாக எரியவேண்டும். நெருக்கமான சின்ன உறைக்குள், உயர்ந்த அழுத்தத்தில், அது எல்லை மீறாமல் நடந்துகொள்ளவேண்டும். முதலாவதற்கு வேகமான மருந்து நல்லது. இரண்டாவதற்குக் கொஞ்சம் மெதுவானது நல்லது. இரண்டுக்கும் ஒத்துவருவது நடுத்தர வேகத்தில் ஒரு குறுகிய பகுதி மட்டுமே.

தாழ்ந்த அழுத்தத்தில் சரியாக எரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை ரிவால்வரில் நேரடியாகப் பார்க்கலாம். சுட்டு முடித்து உறைகளைத் தள்ளும்போது எரியாத செதில்கள், உறைகளை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நட்சத்திரம் ஒரு மயிரிழை தூக்கி நிற்கும். அடுத்த ஆறையும் போட்டு சிலிண்டரை மூடப் போனால் மூடாது, மூடினாலும் சுற்றக் கஷ்டப்படும். இன்னொரு அடையாளம் உறையின் வெளிப்புறம் படியும் கரி. போதிய அழுத்தம் இருந்தால் பித்தளை உப்பி அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் போதாவிட்டால் வாயு உறைக்கும் சுவருக்கும் நடுவே பின்னால் நழுவி வரும். மருந்து அழுக்கானது என்று பலரும் குறை சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான். அதே மருந்து அட்டவணையின் மேல்பகுதி அளவில் சுத்தமாக எரிவதைப் பார்க்கலாம்.

சரி, நடுத்தர வேகம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எரிவேக வரிசை என்று ஒரு பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கும். வேகமானது மேலே, மெதுவானது கீழே. அதைப் பார்க்கலாம்; ஆனால் அது வரிசை மட்டும்தான், அளவுகோல் அல்ல. பத்தாவது இடத்துக்கும் பதினோராவது இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அது சொல்லாது. தோட்டா மாறினால் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மருந்துகளின் நடத்தை இடம் மாறவும் செய்யும். வரிசையில் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடுவது ஆபத்து. எந்த வட்டாரத்தில் தேடவேண்டும் என்பதைக் காட்ட மட்டுமே அந்தப் பட்டியல் உதவும்.

இனி, முதலில் சொன்ன விஷயம். மறுநிரப்பலில் கைத்துப்பாக்கியை உடைக்கிற தவறுகளில் முதலிடம் இரட்டை அளவுக்குத்தான். மருந்தை அளந்து விடும் அளப்பானின் நெம்புகோலை ஒருதரம் இழுத்தோமா இரண்டுதரமா என்ற மயக்கம். இடையில் யாரோ கூப்பிட்டுத் திரும்பியது. ஒரே உறைக்குள் மருந்து இரண்டுமுறை விழுகிறது. இங்கே மருந்தின் எடையைவிட அது அடைக்கும் இடம்தான் முக்கியம். ஒரே எடையுள்ள இரண்டு மருந்துகளில் ஒன்று உறையில் பாதி நிரம்பும், இன்னொன்று அடியில் ஒட்டிக்கிடக்கும்.

9 எம்எம்மில் வழக்கமான அளவு யுனிக் போட்டால் உறை பாதிக்கு மேல் நிறைந்துவிடும். தவறி இன்னொருமுறை விழுந்தால் வாய் வழியாகக் கொட்டி, மேசையெல்லாம் செதில் சிதறும். தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. 231 போட்டு இரட்டித்தால் ஏறக்குறைய விளிம்பு தட்டும். குண்டை உட்கார வைக்கவே முடியாத அளவு. அதுவும் கண்ணில் படும். டைட்குரூப் அடர்த்தியான மருந்து, அளவும் குறைவு. இரட்டித்தாலும் உறைக்குள் அடங்கிவிடும். மேலிருந்து கவனமாகப் பார்த்தால் தெரியும், மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாமல் போகவும் கூடும்.

.38 ஸ்பெஷலில் நிலைமை இன்னும் மோசம். அங்கே யுனிக்கேகூட இரட்டித்தால் அடங்கிவிடும். புல்ஸ்ஐ போட்டு லேசான இலக்குத் தோட்டா செய்கிறவருக்கு மருந்து உறையின் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். மூன்றுமுறை விழுந்தாலும் இடம் மிச்சம். இந்தத் தோட்டாவில் எந்தப் பொதுவான மருந்தும் முழுக் காவல் தராது என்பதை ஒப்புக்கொண்டே தொடங்கவேண்டும். ஐம்பது உறைகளையும் பலகையில் நிறுத்தி, மருந்து போட்டு, குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் மட்டம் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அப்படிப் பார்க்கும்போது இடம் அடைக்கும் மருந்து உதவும்: மூன்றில் ஒரு பங்கு நிறைந்த உறைகளுக்கு நடுவே மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த ஒன்று பளிச்சென்று தெரியும். ஐந்தில் ஒன்றுக்கும் ஐந்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அந்த ஆழத்தில், அந்த இருட்டில், அவ்வளவு எளிதாகத் தெரியாது. எதுவுமே விழாத உறையும் இதே சோதனையில் பிடிபடும். பிரைமர் மட்டும் குண்டைத் தள்ளி அது குழல் நடுவில் சிக்கிக்கொள்ள, அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் கெட்டுவிடும்.

இடம் அடைப்பதுதான் முக்கியம் என்றால் டிரெயில் பாஸ் ஏன் வேண்டாம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நடுவில் ஓட்டையுள்ள வளையத் துணுக்குகள்; பழைய பெரிய உறைகளில் லேசான ஈயக் குண்டுத் தோட்டா செய்யவே உருவாக்கப்பட்டது; .38-இல் இரட்டித்தால் வழிந்துவிடும். ஆனால் 9 எம்எம்முக்கு முழு வேகம் தரும் அளவு அந்தச் சின்ன உறைக்குள் கொள்ளாது. ஒரு வேலைக்கு அருமையான மருந்து. பல வேலைக்கு ஆகாது.

அடுத்தது அளப்பானில் எப்படி விழுகிறது என்பது. இதைப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. எல்லோரும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் எடை போட்டு நிரப்புவதில்லை. அளப்பானின் குழிக்குள் கனஅளவாக மருந்தைப் பிடித்து உறைக்குள் விடுகிறார்கள். பந்து மருந்துகள், அதாவது உருண்டையாகவோ அதைத் தட்டையாக்கியோ செய்தவை, குழிக்குள் ஒரேமாதிரி படியும். 231 அந்த வகை. நாள் முழுக்க இழுத்தாலும் ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்கும். யுனிக்கின் செதில்கள் பெரிசு. நெம்புகோலை மேலே கொண்டுபோகும்போது உருளையின் விளிம்பு செதில்களை வெட்டுகிற கரகரப்பு கையிலேயே தெரியும். சில சமயம் குழாய்க்குள் செதில்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து பாலம் கட்டிக்கொள்ளும். ஒரு உறைக்குக் குறைவாக விழும், அடுத்த உறைக்கு அந்தக் குறையும் சேர்ந்து அதிகமாக விழும். ஐந்து கிரெயின் போடுகிற இடத்தில் ஒரு கிரெயினில் பத்தில் இரண்டு மூன்று பங்கு ஏறி இறங்குவது 9 எம்எம்மில் சின்ன விஷயமல்ல. ஒவ்வொரு இழுப்பையும் ஒரே விசையில், ஒரே தாளத்தில் செய்தால் இது பெரிதும் அடங்கும். புனலில் மருந்து மட்டம் பாதிக்குக் கீழே போகவிடாமல் வைத்துக்கொண்டால் இன்னும் அடங்கும். ஆனாலும் பந்து மருந்தின் சீர்மையை அது எட்டாது.

ஆக, இடத்தை அடைக்கும் குணமும் சீராக விழும் குணமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. பெரிய செதில் இடம் அடைக்கும், சீராக விழாது. பந்து சீராக விழும், இடம் அடைக்காது. மருந்துத் தேர்வில் உண்மையான இழுபறி இங்கேதான்.

பெயர்களுக்கு வருவோம். புல்ஸ்ஐ 1898-இல் லாஃப்லின் அண்ட் ராண்ட் நிறுவனம் கொண்டுவந்தது. யுனிக் 1900 வாக்கில் அதே வீட்டில் பிறந்தது. அந்த நிறுவனம் டூபாண்ட் கைக்குப் போனது. 1912-இல் டூபாண்டைப் பிரித்தபோது இந்த மருந்துகள் ஹெர்குலிஸிடம் வந்தன. இப்போது அலையன்ட் பெயரில் விற்கின்றன. கைகள் மாறினாலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக இவை கடையில் இருக்கின்றன. அதன் பலன் என்ன தெரியுமா? கைத்துப்பாக்கியில் எந்தத் தோட்டாவை எடுத்தாலும், எந்த எடைக் குண்டை எடுத்தாலும் யுனிக்குக்கு எங்கேயாவது ஒரு சோதித்த அளவு இருக்கும். ஹண்டிங்குக்கான மேக்னம் என்னும் கூடுதல் வலுத் தோட்டாவில் நடுத்தர வேகம் வேண்டுமா, அதற்கும் ஆகும். ஷாட்கன்னில்கூடப் போடலாம். பரப்பு என்று பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. குறை, மேலே சொன்னபடி, அளப்பானில். லேசான அளவில் கொஞ்சம் புகையும் கரியும் உண்டு.

வின்செஸ்டர் 231 பந்து மருந்து. பந்து மருந்து செய்யும் முறையை 1933-இல் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனத்தில் ஃப்ரெட் ஓல்சன் உருவாக்கினார். 231-உம் ஹாட்ஜ்டன் நிறுவனம் விற்கும் எச்பி-38-உம் ஒரே மருந்து, டப்பா மட்டும் வேறு. ஹாட்ஜ்டனே இதைச் சொல்லியிருக்கிறது. கடையில் ஒன்று இல்லாதபோது மற்றது கிடைக்கும் என்பது நடைமுறையில் பெரிய வசதி. யுனிக்கைவிட ஒரு படி வேகம். 9 எம்எம்மில் நடுத்தரத் தோட்டா, .38-இல் இலக்குத் தோட்டா, .45-இல் 200, 230 கிரெயின் குண்டுகள்: இந்த மூன்றையும் அது எந்தத் தகராறும் இல்லாமல் செய்யும். 9 எம்எம்மில் உச்ச வேகம் வேண்டும் என்றால் அது பின்தங்கும். உச்ச வேகத்தை எட்டுவதற்குள் அழுத்த எல்லை வந்துவிடும்.

யுனிவர்சல் யுனிக்கின் வட்டாரத்திலேயே இருக்கிறது. செதில் சின்னது, அளப்பானில் நன்றாக விழும், எரிவதும் சுத்தம். புதிதாகத் தேர்ந்தெடுக்கிறவர் யுனிக்குக்குப் பதில் இதை எடுத்தால் நான் குறை சொல்லமாட்டேன். பவர் பிஸ்டல் இன்னும் மெதுவானது, 9 எம்எம்,.40, 10 எம்எம் ஆகியவற்றில் வேகமான தோட்டா வேண்டுகிறவருக்கு; .38-இல் லேசாகச் சுடப் போனால் எரியாமல் நிற்கும், குழல் வாயில் தீப்பிழம்பும் பெரிது. பின்லாந்தின் விஹ்தவுரி தயாரிக்கும் என்320, என்340 சுத்தத்துக்கும் சீர்மைக்கும் பேர்போனவை; விலையும் அதற்கேற்ப.

டைட்குரூப்பைத் தனியாகச் சொல்லவேண்டும். மிகச் சிக்கனம். பெரிய உறைக்குள் மருந்து பிரைமர் பக்கம் கிடந்தாலும் குண்டுப் பக்கம் கிடந்தாலும் வேகம் பெரிதாக மாறாதபடி உருவாக்கப்பட்டது. பல மருந்துகளில் இது மாறும்: துப்பாக்கியை மேல்நோக்கித் தூக்கிவிட்டு இறக்கிச் சுட்டால் ஒரு வேகம், கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டு உயர்த்திச் சுட்டால் வேறு வேகம். அந்த வகையில் .38-க்கு அது கெட்டிக்கார மருந்து. ஆனாலும் முதல் மருந்தாக அதை யாருக்கும் நான் சொல்வதில்லை. அளவு சின்னது, தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகல், இரட்டை அளவு ஒளிந்துகொள்ளும். கை பழகியவர் அதன் நற்குணங்களை அனுபவிக்கட்டும், பழகும்வரை வேறொன்று.

வேகமான மருந்துகளை விரும்புகிற இன்னொரு கூட்டம் போட்டிக்காரர்கள். அமெரிக்கச் சுடுதல் போட்டிச் சங்கமான யுஎஸ்பிஎஸ்ஏவின் போட்டியில் குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது பவர் ஃபேக்டர்; மைனர் என்ற பிரிவுக்குக் குறைந்தது 125, மேஜர் என்ற பிரிவுக்கு 165. 115 கிரெயின் குண்டு மைனரைத் தொட வினாடிக்கு சுமார் 1,087 அடி வேகம் வேண்டும். 147 கிரெயின் குண்டுக்கு 851 அடி போதும். கனமான குண்டு, கொஞ்சமே கொஞ்சம் வேகமான மருந்து என்ற சேர்க்கையில் குழல் வாயில் வெளியேறும் வாயு குறைவு, உதைப்பும் மென்மை. என்320-உம் டைட்குரூப்பும் அங்கே கோலோச்சுவது அதனால்தான். ஆனால் வேகமான மருந்தும் கனமான குண்டும் சேர்ந்தால் தவறுக்கு இடம் குறையும் என்பதையும் மறக்கவேண்டாம். குண்டு கொஞ்சம் ஆழமாக உட்கார்ந்தாலே 9 எம்எம்மில் அழுத்தம் எகிறிவிடும்.

பொதுவான மருந்தின் ஆட்சி எங்கே முடிகிறது? மேக்னம் வாசலில். .357 மேக்னம், .44 மேக்னம் இரண்டிலும் யுனிக் போட்டு நடுத்தரத் தோட்டா செய்யலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தத் தோட்டாக்கள் எதற்காக உண்டாக்கப்பட்டனவோ அந்த முழு வேகம் வேண்டுமென்றால் 2400, எச்110, 296 போன்ற மெதுவான மருந்துகள்தான் வழி. இவற்றில் எச்110-உம் 296-உம் ஒன்றே. இதற்கு ஒரு விசேஷக் குணம் உண்டு: மற்ற மருந்துகளில் பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கு என்பார்கள், இதில் குறைக்கவே கூடாது, அதிகபட்சம் மூன்று சதவீதம் என்று ஹாட்ஜ்டன் எச்சரிக்கிறது. உறை நிறைந்து, வலுவான பிரைமரும், உறை வாயைக் குண்டின் மேல் அழுத்திப் பிடிக்கும் இறுகிய கிரிம்ப்பும் இருந்தால்தான் ஒழுங்காகப் பற்றும். குறைத்தால் சரியாகப் பற்றாமல் குண்டு குழலில் நின்றுவிடக்கூடும். இந்த மருந்தை .38-இல் போட்டுப் பார்க்கலாமே என்று நினைப்பதற்கே இடமில்லை. மேக்னம் சுடுகிறவர் இரண்டாவது டப்பா வாங்கித்தான் ஆகவேண்டும். மறுமுனையில் .32, .380 போன்ற சின்னத் தோட்டாக்களில் நடுத்தர மருந்து வேலை செய்யும், ஆனால் அளவு அவ்வளவு சிறியதாக இருப்பதால் பெரிய செதில் மருந்து அங்கே கைகொடுக்காது. 231 போன்றதுதான் சரி.

விலைக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். நான்கு கிரெயின் போட்டால் 1,750 தோட்டா, ஐந்து போட்டால் 1,400. ஒரு தோட்டாவின் செலவில் குண்டும் பிரைமரும்தான் பெரும்பங்கு; மருந்தில் மிச்சம் பிடிப்பதற்காகச் சின்ன அளவு மருந்தைத் தேடிப் போவது சரியான காரணமாக எனக்குப் படவில்லை. கிடைக்கிறதா என்பதுதான் பெரிய கவலை. 2020-ஐத் தொடர்ந்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் மருந்தும் பிரைமரும் கடைகளில் காணாமல் போனபோது ஒரே பெயரை நம்பியிருந்தவர்கள் தவித்தார்கள். அதனால் முதல் தேர்வு, அது இல்லாவிட்டால் அடுத்தது என்று இரண்டு பெயரை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் தனித்தனியாகச் சோதித்துக் குறித்து வைக்கவேண்டும்.

சில்லறையாக விற்கும் மருந்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தொழிற்சாலைகள் தோட்டா நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் மருந்து ஒவ்வொரு தொகுப்புக்கும் கொஞ்சம் வேறுபடும். அந்த நிறுவனங்கள் ஒவ்வொரு தொகுப்பையும் தங்கள் அழுத்தக் கருவியில் சோதித்து அளவை மாற்றிக்கொள்ளும். வீட்டில் நிரப்புகிறவரிடம் அந்தக் கருவி கிடையாது. அதனால் சில்லறை டப்பாவுக்குப் போகும் மருந்தைக் கலந்து, தொகுப்புக்குத் தொகுப்பு வேறுபாட்டைக் குறுகிய எல்லைக்குள் நிறுத்துகிறார்கள். அச்சிட்ட அட்டவணைக்கு அர்த்தம் இருப்பதே அதனால்தான். கடைத் தோட்டா ஒன்றைப் பிரித்து உள்ளே இருக்கும் மருந்தைப் பார்த்து, இது 231 மாதிரி இருக்கிறதே என்று முடிவு கட்டக் கூடாது. கண்ணால் மருந்தை அடையாளம் காண முடியாது. இந்தக் கட்டுரையில் எந்தத் தோட்டாவுக்கும் நான் அளவு தராததும் இதே காரணத்தால்: அளவு என்பது அந்த மருந்து, அந்தக் குண்டு, அந்தப் பிரைமர், அந்த மொத்த நீளம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தயாரிப்பாளர் சோதித்துச் சொல்வது. அவர்களுடைய இப்போதைய கையேட்டிலிருந்துதான் எடுக்கவேண்டும். உரிமம், இருப்பு வரம்பு பற்றிய சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. அதையும் முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஆக, என் தேர்வு இது. 9 எம்எம், .38, .45 மூன்றையும் இலக்குச் சுடுதலுக்காக நிரப்புகிறவர், அதிலும் படிப்படியாக நகரும் பிரஸ்ஸில் வேகமாக நிரப்புகிறவர் என்றால் 231 அல்லது எச்பி-38. ஒவ்வொரு உறையாக நிதானமாக நிரப்புகிறவர், மேக்னத்தில் நடுத்தரத் தோட்டாவும் செய்யப்போகிறவர் என்றால் யுனிக் அல்லது யுனிவர்சல். இரண்டில் எது என்று தயங்கினால், அளப்பான் எந்த வகை என்று பாருங்கள். பழைய, சின்னக் குழாயுள்ள அளப்பான் என்றால் பெரிய செதிலோடு மல்லுக்கட்டாமல் பந்து மருந்துக்குப் போவது நல்லது.

ஒரே மருந்து வைத்துக்கொள்வதில் யாரும் அதிகம் பேசாத ஒரு லாபம் உண்டு. மேசையில் ஒரே டப்பா இருந்தால், புனலில் இருப்பது எது என்ற சந்தேகமே வராது. இரண்டு மருந்து கலந்துவிட்டால் அது இரண்டுமே இல்லாத மூன்றாவது. அதற்கு எந்த அட்டவணையும் கிடையாது. அழிப்பதைத் தவிர வழியில்லை. இரண்டாவது டப்பா வாங்கினாலும் அது அலமாரியில் இருக்கட்டும், ஒன்றை மூடி வைத்த பிறகே மற்றதைத் திறக்கவேண்டும். வேலை முடிந்ததும் புனலில் மிஞ்சியதை அதன் சொந்த டப்பாவுக்கே திருப்பி ஊற்றவேண்டும். இரட்டை அடிப்படை மருந்தில் உள்ள நைட்ரோகிளிசரின் சில புனல்களின் பிளாஸ்டிக்கை அரிக்கும். மருந்தைப் பல நாள் அப்படியே விட்டுவைத்த புனலின் உட்சுவர் பழுப்பேறி, செதில்கள் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். டப்பாவையும் மாற்றக் கூடாது. அது மெல்லியதாக இருப்பது சிக்கனத்துக்காக அல்ல, தீப்பிடித்தால் அழுத்தம் சேர்வதற்குள் பிளந்து கொடுக்கவேண்டும் என்பதற்காக. அதை எடுத்துக் கனமான இரும்புப் பெட்டிக்குள் இறுக்கி மூடினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். எப்போதாவது மூடியைத் திறக்கும்போது வழக்கமான கரைப்பான் வாசனைக்குப் பதில் புளித்த, மூக்கைக் குத்தும் நெடி வந்தால், அல்லது துணுக்குகளுக்கு நடுவே செம்பழுப்புத் தூள் தெரிந்தால், அந்த மருந்து கெட்டுவிட்டது. டப்பாவில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அதில் ஒரு தோட்டாகூட நிரப்பக் கூடாது.